அண்ணனுக்கு மூன்று பேர்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் பிறந்தது திருமங்கலம் பக்கம். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் சூசை. பள்ளிக்கூடத்தில் ஜோசப் என்று எழுதிவிட்டார்கள். அப்பா தவறியதும் படிப்பை விட்டுவிட்டு, மதுரை கீழவாசலில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்தார். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான். பக்கத்துக் கடை பாய் அவரை யூசுப் என்றே கூப்பிட்டார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார், எல்லாம் ஒரே பேர்தான் என்றார். எபிரேய பாஷையில் அது யோசேப்பு. ஆண்டவர் இன்னும் சேர்த்துக் கொடுப்பார் என்று அர்த்தமாம். போர்ச்சுகல் சாமியார்கள் சொன்னது நம்மவர் வாயில் சூசை ஆயிற்று. அரபியில் யூசுப்.

"அதான்டி அவனுக்கப்புறம் நீ வந்து சேந்த" என்று அம்மா சிரித்தார்.

வயதாகிக் கடையை மூடிய பிறகும் அண்ணன் வாரம் ஒருநாள் பஸ் ஏறிக் கீழவாசலுக்குப் போய், பாயோடு டீ குடித்துவிட்டு வருவார். போன வருடம் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். அஞ்சலி போஸ்டரில் ஜோசப் என்று போட்டு, பழைய கல்யாணப் போட்டோவை வைத்தார்கள். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, டீ குடிக்க ஆளைக் காணோமே என்று, யூசுப் வீடு எது என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டு பாய் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போஸ்டரப் பாத்தேன் தங்கச்சி. யாரோ ஜோசப்பாம்னு நெனச்சுப் போயிட்டேன். நம்மாளுன்னு தெரியலயே! ஒரு கை மண்ணு போடலயே!"

கல்லறைக்குக் கல் வெட்டும்போது, அண்ணன் மகனிடம் மூன்று பேரையும் போடச் சொன்னேன்.

"அத்தே, ஆதார்ல ஜோசப்னுதான இருக்கு?"

"ஆதாரப் பாத்துட்டா தேடி வருவாக?"

மேலூரில் கல் வெட்டுகிறவர் பேர் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒரே குழியில மூணு பேரா?"

"ஆளு ஒருத்தர்தான்யா. தேடி வாரவுகளுக்குத்தான் மூணு பேரு."

அண்ணனைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், மதினிக்குத் துணை இருந்தவர்களுக்கும், கல் நட்ட அன்று முதல் ஆளாக வந்து மண் போட்ட பாய்க்கும் எங்கள் நன்றி. இனி யார் எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டு வந்தாலும், தயவுசெய்து கல்லறைக்கு வழி காட்டுங்கள்.

நான் அந்த மூன்றில் ஒன்றையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லுக்கு முன்னால் நின்றாலும் "அண்ணே" என்றுதான் வாயில் வருகிறது. இருந்தவரை, கூப்பிட்ட உடனே "என்னத்தா" என்பார். அதைக் கேட்கத்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.