மாடியில் வளர்ந்த பூண்டு

எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் பூண்டு நுழைந்ததில்லை. நாலு தலைமுறையாக மயிலாப்பூரில் இருக்கிறோம் என்பதை எந்த மிடுக்கோடு சொல்வேனோ, அதே மிடுக்கோடு இதையும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வீட்டுக்குத்தான் மருமகள் வந்தாள். அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் சாப்பாட்டையே சாப்பிட்டாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

குழந்தை பிறந்து, அம்மா வீட்டிலிருந்து அவள் திரும்பியபோது கார்த்திகை மாதம். பால் போதவில்லை. குழந்தை வீல் வீலென்று கத்தியது.

"எங்க வீட்ல அம்மா பூண்ட பால்ல வேகவச்சுத் தருவாங்க அத்தை. நல்லா சுரந்துச்சு," என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. "கடைப் பூண்டுல என்ன மருந்து அடிச்சிருக்கானோ. நான் மாடியிலயே போட்டு, உனக்குன்னு வளர்த்துத் தரேன்," என்றேன். பூண்டு விளைய மாதக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை சமையலறை தப்பித்தது.

விதைக்கென்று மலைப்பூண்டு வாங்கி, வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மாடிக்குப் போனேன். பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி மண்பைகளில் ஊன்றினேன். மார்கழிக் குளிருக்குப் பச்சைப் பசேலென்று கிளம்பிவிட்டது. மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் 'என் மருமகளுக்காக' என்று எழுதிப் படம் போட்டேன். இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி பதில் போட்டாள். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். குழந்தை அழுதால் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

தை பிறந்ததும் பூண்டுத் தாள்கள் அங்கங்கே குட்டையாகத் தெரிந்தன. எலிதான் என்று நினைத்து வலை கட்டினேன். மறுபடியும் குறைந்தது. சாப்பாட்டு மேசையில் மகனிடம் பொரிந்து தள்ளினேன். "திருட்டு எலி, நன்னா ருசி கண்டுடுத்து. ஒரு நாள் கையில மாட்டட்டும், பாத்துக்கறேன்."

மருமகள் தலை நிமிராமல் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், வடாம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், வலையை ஓரமாக விலக்கிவிட்டு, மருமகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பூண்டுத் தாளைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டு அவசரமாக மென்றாள். காரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்புறம் குழாயைத் திறந்து வாய் கொப்புளித்தாள். வாடை போக இரண்டு துளசி இலையைப் பறித்து மென்றபடி திரும்பியவள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"எலி இல்ல அத்தை, நான்தான்," என்றாள். "கோவப்படாதீங்க. வாயக் கழுவிட்டுத்தான் கீழ வருவேன். அடுப்படில எதையும் தொட மாட்டேன்."

கூனிக் குறுகிப் போனேன். பால் கேட்டு அழுத குழந்தை என் பேரன். கையில் வாங்கி வைத்திருந்த பூண்டை அவன் அம்மாவுக்குக் கொடுக்காமல் மண்ணில் புதைத்துவிட்டு, அதற்கு ஊரெல்லாம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அவளோ என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "நீ போ, குழந்தை முழிச்சுக்கப் போறான்," என்றேன்.

அன்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் பூண்டு வாங்கிவந்தேன். என் அடுப்பில், நான் தினமும் காபிக்குப் பால் காய்ச்சும் பாத்திரத்திலேயே வேகவைத்தேன். வீடெல்லாம் வாசனை பரவியது. டம்ளரில் ஊற்றி நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, குடிப்பதற்காக மாடிப்படி ஏறப் போனாள்.