நடக்கிறவரைக்கும் கவுச்சி இல்லை

என் பாவாவைப் பார்க்க வருகிறவர்கள் ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. வந்தால் தேவலை என்று மூன்று வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், யார் காதில் விழுகிறது? எங்கள் அக்கா வீடு திருத்தணி மலையடிவாரத்தில் இருந்து தொலைக்கிறது. காவடி எடுக்க வரும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மலையிலிருந்து இறங்கியதும் நேராக இங்கேதான் வருவார்கள். ஒரு டப்பா பஞ்சாமிர்தம், ஒரு சீப்புப் பழம், அரைக் கிலோ மைசூர்பாக். "பாவம், காலுதான் போச்சு, வாயாவது ருசியா இருக்கட்டுமே" என்று அவர் வாயில் ஊட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்த உடம்போடு மல்லுக்கட்டுவது நாங்கள்.

பாவா என்றால் என் அக்கா புஷ்பலதாவின் கணவர் சந்திரமோகன். வயரிங் வேலை செய்தவர். பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக் கொட்டகையின் கூரைமேல் ஏறினார், ஷீட் உடைந்து கீழே விழுந்தார். தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சென்னையில் டாக்டர் ஆறாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நடக்க மாட்டார் என்று சொன்னார். அதை நான் பாவாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அக்காவிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டோம். மறுநாள் பார்த்தால் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முருகனிடம் வேண்டிக்கொண்டு முடித்திருந்தாள். அவர் தன் காலால் மலைப்படி ஏறுகிறவரைக்கும் வீட்டில் கவுச்சி கிடையாது. மீன் இல்லை, கறி இல்லை, முட்டைகூட இல்லை.

மனுஷன் தேறி உட்கார்ந்தார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரே வருடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி வாசல் அறையில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். கனகம்மாசத்திரத்திலிருந்துகூட அவரைத் தேடி மிக்ஸி வரும். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் இப்படி ஒரு அழிச்சாட்டியக்காரரை நான் பார்த்ததில்லை. ஏணி ஏறி இறங்கிய காலத்தில் சாப்பிட்ட அதே குண்டான் சோறு இப்போதும் வேண்டும், அதற்கு மேல் பஞ்சாமிர்தம். தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். மிக்ஸி கொண்டுவரும் பெண்கள் எதிரில், நாற்காலியில் தொங்கும் மூத்திரப் பை நிரம்பினால் அசிங்கமாம். தொந்தி ஏறியது, தொடை வற்றியது, காலைக்கடன் தினமும் ஒரு போராட்டமானது. போன மாசியில் வால் எலும்புக்கு மேல் புண் வந்தது. வலி தெரியாத இடம். லுங்கியில் ரத்தம் பட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

புண் கட்ட வீட்டுக்கு வரும் நர்ஸ் தமயந்தி, கட்டைவிரல் நுழைகிற அந்தக் குழியைப் பார்த்துவிட்டு முதலில் மருந்தைப் பற்றிப் பேசவில்லை.

"இன்னா சாப்புடுறாரு?" என்று கேட்டாள்.

"காலையில இட்லி, மதியம் சோறு, ரசம், சாயங்காலம் பழம், நைட்டுக்கும் இட்லிதான்" என்றாள் அக்கா பெருமையாக. "சுத்த சைவம்."

"இதுல சதை வளர இன்னா கீதுங்க? தெனம் மூணு முட்ட குடுங்க. தண்ணி நல்லா குடிக்க வெயுங்க. புண்ணு எலும்பு வரைக்கும் போச்சுன்னா ஆபரேஷன்தான். அப்பறம் மாசக்கணக்குல குப்புறப் படுக்கணும். கடைய மறந்துட வேண்டிதுதான்."

"முட்ட மட்டும் ஆவாது."

தமயந்தி சண்டை போடவில்லை. "செரிங்க, பருப்பு, கொண்டக்கடல, சோயா, பன்னீரு, தயிரு இதெல்லாம் குடுங்க. சைவத்துலயும் ஆத்தலாம். ஆனா நெறயக் குடுக்கணும்" என்றாள்.

அக்கா முதல் நாளே ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டாமா? மறுநாள் வயிறு உப்பி, கடைக்கு வந்திருந்த ஒரு பெண்மணி எதிரிலேயே நாற்காலியில் எல்லாம் ஆகிவிட்டது. அதோடு பாவா பருப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். சோயா ரப்பராம். பன்னீர் சுண்ணாம்பாம். கடையைச் சாத்திவிட்டு ஒருக்களித்துப் படுத்தார். புண் ஆழமாகிக்கொண்டே போனது. ஒருத்தி சாமி என்கிறாள், ஒருத்தர் ருசி என்கிறார், இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் டயர் கடைக்குப் பக்கத்து மெக்கானிக் ஷபியுல்லாவிடம் புலம்பினேன். மறுநாளிலிருந்து அவர் மனைவி ஷரீபுன்னிசா தினம் மூன்று முட்டை அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவி டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினார். அக்கா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து நான் கொண்டுபோவேன். ஒரு முட்டைக்கு ஒரு சொம்பு தண்ணீர் என்று நிபந்தனை போட்டேன். பாவா முட்டையை விழுங்கிவிட்டுத் தண்ணீருக்கு முகத்தைச் சுளிப்பார். அவர் குடித்து முடித்ததும் நான் ஊதுவத்தி கொளுத்தி வைப்பேன். இந்த வயதில் எங்களுக்கு இந்தத் திருட்டுப் பிழைப்பு.

ஏழாவது வாரம் தமயந்தி புண்ணை அளந்து பார்த்தாள். "பாதியாயிடுச்சுங்க" என்றாள். அக்கா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பாத்தியாடா முரளி? என் வேண்டுதல் வீணாப் போவல. இனிமே செவ்வாக்கெழமையும் கிருத்திகையும் அவரும் என்னோட விரதம். ஒரு வேள பாலும் பழமும்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாவா கத்தினார். "புண்ண ஆத்துனது முட்டடீ! ஏழு வாரமா உன் தம்பிதான் தெனம் கொண்டாந்து குடுத்துகினு கீறான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "நீங்க நடக்கறவரைக்கும்னு வேண்டிகினு கீறேன்" என்றாள் அவரிடம். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே."

"நான் நடக்க மாட்டேன் புஷ்பா." பாவாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆறாம் நாளே டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். உங்கிட்டதான் சொல்லல. உக்காரவாவது வுடு என்னை."

அக்கா அழவில்லை. "டாக்டரு எங்கிட்ட மட்டும் சொல்லாமலா இருப்பாரு? அன்னிக்கே சொன்னாரு. அதக் கேட்டுட்டுதான் வேண்டிகினேன். முட்ட வாங்குனா, நீங்க நடக்க மாட்டீங்கன்னு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும். அதான்" என்றாள்.

மூன்று வருடம். ஒரே விஷயத்தை மூன்று பேரும் தெரிந்துவைத்துக்கொண்டு, நாங்கள் அவளிடமும் அவள் எங்களிடமும் மறைத்திருக்கிறோம். அந்த முட்டாள்தனம் அவர் முதுகில் குழியாக விழுந்திருக்கிறது. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பஞ்சை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த தமயந்தியின் பக்கம் அக்கா திரும்பினாள்.

"மூணு முட்டயும் மஞ்சக்கருவோடவா?"

"ஒண்ணுல இருக்கட்டும். மத்தது வெள்ள மட்டும் போதும். எட கொறையணும்."

"எத்தினி நாளைக்கி?"

தமயந்தி கொஞ்சம் தயங்கினாள். "புண்ணு ஆறிட்டாலும் வுடக் கூடாதுங்க. இவருக்குக் காலம் பூரா இந்தச் சாப்பாடுதான்."

"காலம் பூரா" என்று அக்கா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்பினாள். நான் போகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தெரு முனை வரை அழுதுகொண்டே நடந்தாள்.