தூங்கட்டும் என்று விட்டாள்

கோவளம் கடற்கரையில் புஷ்பலதா மீன் விற்கும் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவள், மகள் வெண்ணிலா கண்ணயர்ந்துவிட்டால் ஊமையாகிவிடுவாள். கல்யாணமாகி வெகு காலம் ஏங்கிப் பெற்ற பிள்ளை, நாலு வயசு. அது தூங்கினால் தெருவே அடங்கவேண்டும். டிவி அலறக்கூடாது, நாய் குரைக்கக்கூடாது. தெருவும் பாவம், அவள் வாய்க்குப் பயந்து அடங்கித்தான் போகும்.

அன்று விடிந்ததிலிருந்தே வெண்ணிலாவுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. போன மாதச் சளிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப் மிச்சம் இருந்தது. அப்போது குணமாக்கிய மருந்துதானே என்று, அதே மூடியில் அதே கோடு வரை ஊற்றிப் புகட்டினாள். ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. குழந்தை சுருண்டு படுத்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. மீன் விற்கப் போகாமல் வாசலிலேயே காவல் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கடலிலிருந்து வந்த கணவன் கோதண்டத்தை அங்கேயே மடக்கினாள்.

"மெதுவா வாய்யா. புள்ள அசந்து தூங்கிகினு கீது."

"காலைலேர்ந்தா தூங்குது? தண்ணியாவது குட்ச்சுதா?"

"தூங்குனாத்தான் தெளியும். எழுப்பாத, சொல்ட்டேன்."

கோதண்டம் கேட்கவில்லை. உள்ளே போய்த் தூக்கினான். குழந்தையின் தலை தோளில் நிற்காமல் துவண்டது. கன்னத்தைத் தட்டினால் கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. மூச்சு கொரகொரவென்று விட்டுவிட்டு வந்தது. புஷ்பலதா மகள் பெயரைச் சொல்லித் தெருவே ஓடிவரும்படி அலறினாள். வெண்ணிலா அசையவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆக்சிஜன் வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகு டாக்டரம்மா சிரப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"அளவு சரியாத்தாம்மா குடுத்திருக்கீங்க. ஆனா இது தூக்கம் வரவைக்கிற மருந்து. போன தடவை வெறும் சளி. இப்ப காய்ச்சல், வாந்தி, உடம்புல தண்ணியே இல்ல. இந்த நிலைமையில அதே மருந்து குழந்தையை ரொம்ப அழுத்திடும். இது தூக்கம் இல்லம்மா, மயக்கம்."

"நாந்தாம்மா யாரையும் எழுப்பவுடாம காவல் காத்துகினு இருந்தேன்," என்று புஷ்பலதா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "பக்கத்துல உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். சாயங்காலம் வெண்ணிலா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

வீடு திரும்பிய மறுநாள் குழந்தை தொட்டதற்கெல்லாம் சிணுங்கி, வீட்டையே ரெண்டாக்கியது. பக்கத்து வீட்டு அங்காளம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இப்டி கத்துது? கொஞ்சம் தூங்க வையேன்."

புஷ்பலதா மகளை இறுக்கிக்கொண்டாள்.

"கத்தட்டும்க்கா. எனக்குக் கேக்கணும்."