இருபத்தேழாம் ரெஜிஸ்டர்

2024 ஆகஸ்டு 26, திங்கட்கிழமை. விடியற்காலையிலிருந்தே சாரல், மேலைக்காற்றில் கடல் கலங்கிச் சேற்று நிறமாகக் கிடந்தது. மண்டைக்காட்டுக்கு மேற்கே, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையின் வாசலில் மத்தியாஸ் நனைந்தபடி நின்றார். ஆறு நாளுக்கு முன் அந்த ஆலையில் ரசலையன் என்னும் தொழிலாளி இறந்துபோனார். அந்தச் சாவு அவருடைய கவனக்குறைவாலா, இயந்திரத்தின் பிழையாலா என்பதை எழுதிச்செல்ல அன்று ஆய்வாளர் வருகிறார்.

மத்தியாசுக்கு ஐம்பத்து நான்கு வயது. மீனவக் குடியில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பனோடு வள்ளத்தில் போனவர் குடல் வெளிவருமளவுக்கு வாந்தியெடுத்துத் திரும்பினார். "இவன் கரைக்குள்ளவன்" என்று அப்பன் கைகழுவிவிட்டார். நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. படித்தார், பதினாறு ஆண்டுகள் கத்தாரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் உழைத்தார். திரும்பி வந்து இந்த ஐஸ் ஆலையில் வயர்லெஸ் கண்ட்ரோலரைப் பொருத்தியவரும் அவரே.

ஐஸ் கட்டிகளை அரைக்கும் இயந்திரம் ஆலைக்குள் இருந்தது. அதை ஓட்டி நிறுத்தும் பொத்தான் இருநூறு மீட்டர் தள்ளி, ஐஸ் ஏற்றும் படகுத்துறையில் இருந்தது. கம்பி புதைத்தால் உப்பு அரித்துவிடும் என்பதால் வயர்லெஸ். இயந்திரத்தின் அருகிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அது துருவேறி இறுகி இரண்டு மாதமாயிற்று. கண்ட்ரோலரில் எட்டுக் குட்டிச் சுவிட்சுகள் உண்டு; ஏழு அதன் முகவரியை அமைக்கும், எட்டாவதை மேலே தள்ளினால்தான் கட்டளைகளை மாற்றலாம். அந்தக் கட்டளைகள் அதன் நினைவகத்தில், ரெஜிஸ்டர் எனப்படும் எண்ணிட்ட அறைகளில் இருக்கும். அலைத்தொடர்பு அறுந்தால் இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதை இருபத்தேழாம் ரெஜிஸ்டர் சொல்லும். அதில் பூச்சியம் இருந்தால் இயந்திரம் நின்றுவிடும். ஒன்று இருந்தால், செய்துகொண்டிருந்ததையே செய்யும். மூன்றாண்டுகளாக மத்தியாஸ் அங்கே பூச்சியத்தைத்தான் வைத்திருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் விசைப்படகுகள் ஒன்றாகக் கரைக்கு வந்தன. இரும்புப் படகு ஒவ்வொன்றும் குறுக்கே கடக்கையில் அலைத்தொடர்பு அறுந்தது, இயந்திரம் நின்றது.

"ஓய் மத்தியாசு, கணவா கெட்டு நாறுது!" என்று ஆலைக்குள் வந்து கத்தினார் படகுக்காரர் பெர்லின். "ஒமக்க மிசினு என்ன, புதுப்பெண்ணாக்கும்? ஆளு குறுக்க வந்தா வெக்கப்பட்டு நிக்குது! கத்தாருல இதத்தான் படிச்சீரோ?"

கட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த ரசலையன் சிரித்தார். "விடும் ஓய். அது நின்னாத்தான் நமக்கு ஒரு பீடி வலிக்கலாம்."

மத்தியாசால் சிரிக்க முடியவில்லை. கத்தார் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே இருபத்தேழாம் ரெஜிஸ்டரில் ஒன்றைப் பதித்தார். நெருக்கடி தீர்ந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. இயந்திரம் தங்குதடையின்றி ஓடியது. மனம் குளிர்ந்த பெர்லின் இரண்டு கிலோ கணவாய் மீன் கொடுத்தனுப்பினார்.

இருபதாம் தேதி, கட்டியொன்று அரைக்கும் பற்களுக்கிடையே சிக்கியது. ரசலையன் கைபேசியில் கூவினார். துறையில் பொத்தானைக் கவனிக்கும் டிஜோ அதை அழுத்திவிட்டு, "அமுக்கியாச்சு அண்ணே!" என்று பதில் கொடுத்தார். அந்த நொடியில் ஒரு படகு குறுக்கே வந்தது. கட்டளை போய்ச் சேரவில்லை; ரெஜிஸ்டரில் ஒன்று இருந்ததால் இயந்திரம் நிற்கவும் இல்லை. பற்கள் அசையாதிருந்ததைக் கண்டு, இயந்திரம் நின்றதென்றே நம்பி, ரசலையன் கொக்கியோடு குனிந்தார். கட்டி நழுவியது; பற்கள் சுழன்று அவரை இழுத்துக்கொண்டன.

மத்தியாஸ் முதலாளி சுயம்புராஜிடம் உண்மையைச் சொன்னார். "பழையபடி ஆக்கிப்போடும்" என்றார் முதலாளி. "போனவன் வரமாட்டான். நீரும் ஜெயிலுக்குப் போனா ஒமக்க குடும்பம் என்ன ஆகும்? அவன் ஓடுத மிசினுல கைய விட்டான். அம்புட்டுத்தான்."

மத்தியாஸ் எட்டாம் சுவிட்சை மேலே தள்ளினார். மடிக்கணினியில் ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தார். சுவிட்சைக் கீழே இறக்கினார். நான்கு நிமிடங்கூட ஆகவில்லை. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதையெல்லாம் அந்தக் கண்ட்ரோலர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அடக்கத்தின்போது எவரோ, "பீடி நெனப்புல கைய விட்டிருப்பான்" என்றார். மத்தியாஸ் தலைநிமிரவில்லை.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ரசலையனின் மனைவி கிரேசி ஒரு நாற்காலியில் ஒடுங்கி அமர்ந்திருந்தார்.

"நான் அமுக்கினேன் மேடம், மாதாவாணை!" என்று டிஜோ அழுதார். அவர் அழுத்தத் தாமதிக்க, ரசலையன் அதற்குள் கையை விட்டார் என்றே முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆய்வாளர் இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ட்ரோலரின் ஆண்டெனாவைக் கழற்றச் சொன்னார். இயந்திரம் உடனே நின்றது. மடிக்கணினியில் பார்த்தார், இருபத்தேழில் பூச்சியம்.

"கருவியில் குறையில்லை" என்று எழுதத் தொடங்கினார்.

கிரேசி மெல்லக் கேட்டார்: "அப்பம் எனக்க மாப்பிளைக்க தப்புதானா?"

உண்மையைச் சொன்னாலும் ரசலையன் எழுந்து வரப்போவதில்லை; சொல்லாவிட்டாலும் தமக்கு இனி உறக்கம் வரப்போவதில்லை என்று மத்தியாசுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே இருட்டு.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தாமலே, வழக்கமான கேள்வியாக அவரைக் கேட்டார்: "விபத்து நடந்த அன்றும் இதில் பூச்சியம்தானே இருந்தது?"

"இல்ல மேடம். ஒண்ணு. நான் போட்டது, ரசலையனுட்ட சொல்லல்ல."