கீயை மட்டும் மாற்றினால் போதும்

நாத்தனார் வாயால் நல்ல பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. என் தம்பி பெண்டாட்டிக்கு அந்தப் பேரை நானே முன்வந்து கொடுக்கிறேன் என்றால், அவள் எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். நான் மருந்து கவுண்டரில். அவள் அடுத்த அறையில், பதிவுப் பிரிவில். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். வருகிறவர்களின் பேர், வயது, பழைய வியாதி, புது வியாதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'என்ட்ரி' என்றே பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஒரே வாசல் வழியாகத்தான் போவோம், வருவோம். ஆனால் நான் ஆஸ்பத்திரியின் நேரடி ஊழியர், அவள் ஏஜென்சி ஆள். என் கழுத்து அட்டையின் கயிறு நீலம், அவளுடையது ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைத் தூரத்திலிருந்து பார்த்தாலே வார்டு பையன் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அதிகாரம் வந்துவிடும். "இந்தாம்மா, இதக் கொண்டு போய்க் குடு" என்பார்கள். அவளும் கொண்டுபோய்க் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஏஜென்சி ஆட்களில் பத்து வருஷம் விடாமல் வேலை பார்த்தவர்களை நேரடி ஊழியராக எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒன்பது முடிந்து பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றின் நிறத்துக்காக அவள் காத்திருக்கவில்லை. என் தம்பிக்காகக் காத்திருந்தாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன் அவன். கால்களில் உயிர் இருக்கிறது, பலம் இல்லை. தினமும் பயிற்சி கொடுத்தால் கோல் ஊன்றியாவது நடப்பான் என்று எங்கள் டாக்டரே சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நேரடி ஊழியரின் குடும்பத்துக்கு அது இலவசம். நான் ஓடிப்போய் விசாரித்தேன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர். கூடப்பிறந்தவன் அதில் சேர்த்தி இல்லையாம். ஒரே வயிற்றில் பிறந்தவன் குடும்பமில்லை என்று எழுதியவன் எந்த வயிற்றில் பிறந்தானோ தெரியவில்லை.

ஆகவே என்ட்ரி நீலக் கயிறு வாங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றே பேச்சு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகம் கறுத்துப் போயின. திரை முழுக்கக் கறுப்பு. மூலையில், உங்கள் லைசென்ஸ் செல்லாது என்று ஒரு வரி. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக அணைந்துவிடும். மெஷின்களை விற்றவன் ஒரே லைசென்ஸ் கீயைப் பத்து இடத்தில் விற்றிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய போன் நம்பரும் செல்லாமல் போயிருந்தது.

வரிசை வாசல் வரை நீண்டது. மேனேஜர் கையைப் பிசைந்தபடி நின்றார். சர்வீஸ்காரர் வந்தார். கீபோர்டைத் தொடுவதற்கு முன்பே, "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்" என்றார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் அந்த ஒரு மருந்துதான்.

"பழைய ரெக்கார்டெல்லாம்?"

"அத நகல் எடுத்துக்கலாம் சார். ஆனா உங்க ரெக்கார்டத் திறக்கற சாஃப்ட்வேர் போயிரும். அத யாரு எழுதிக் குடுத்தது? அவரக் கூப்பிடுங்க, திரும்பப் போட்டுத் தருவார்."

எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய் வெகுநாளாகிறது. மேனேஜர் முகமும் கம்ப்யூட்டர் மாதிரியே ஆயிற்று.

அப்போதுதான் என்ட்ரி வாயைத் திறந்தாள். "சார், கீ தானே செல்லாது? கீயை மட்டும் மாத்தினா போதாதா? பூட்டு கெட்டுப்போச்சுன்னு யாராவது வீட்ட இடிப்பாங்களா?"

சர்வீஸ்காரர் ஒன்றும் கோபப்படவில்லை. "மாத்தலாம்மா. மாத்த முடியாதுன்னு நான் சொல்லல. ஒவ்வொரு மெஷினா உக்காந்து மல்லுக்கட்டணும். எனக்கு இன்னும் நாலு இடம் போகணும்" என்றார். எப்படிச் செய்வது என்பதை அவரே அவளுக்குச் சொல்லிவிட்டும் போனார்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். கும்பிடாத குறை. "என்ட்ரி, பழசு ஒண்ணும் போகாம முடிச்சுக் குடு. உன் பத்து வருஷத்த நான் பாத்துக்கறேன்."

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று என் இரண்டு காதாலும் கேட்டேன்.

மேனேஜர் கடையிலிருந்து முறையான கீ வாங்கி வந்தார். இருந்தது ஆறு மெஷின், வாங்கியது ஐந்து கீ. "லேப்ல இருக்கறது இன்னும் ஓடுது, அத யார் பாக்கப் போறாங்க? அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். "சார், அதுவும் ஒருநாள் நம்ம கால வாரும்" என்று என்ட்ரி சொன்னாள். யார் கேட்டார்கள்?

மதியம் கவுண்டரில் கூட்டம் குறைந்ததும் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் ரெக்கார்டு முழுவதையும் தனி டிஸ்கில் நகல் எடுத்தாள். பிறகு ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஏதோ ஒரு வரி அடித்தாள், பழைய கீ கழன்றது. புதுக் கீயை ஏற்ற வேண்டும். இருபத்தைந்து எழுத்து. நான் சீட்டைப் பார்த்துப் படிக்க, அவள் அடித்தாள்.

"பி" என்றேன்.

"எந்தப் பி அண்ணி? பியா, வியா, டியா? எல்லாம் ஒரே மாதிரி கேக்குது."

"பிசாசுக்கு வர்ற பி."

"இப்ப சரி. பக்கத்துலயே இருக்கு, மறக்காது."

"அடியே, கையிலயே போடுவேன்."

அந்தப் பி கடைசியில் பியே இல்லை, எட்டு. என் கண்ணாடியை மாற்றி வருஷக்கணக்காகிறது. அவள் திட்டாமல் முதலிலிருந்து அடித்தாள். ஒரு மெஷின் புதுக் கீயை ஏற்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. இலவச நம்பருக்குப் போன் போட்டாள். அங்கே மனிதக் குரல் இல்லை, பதிவு செய்த குரல்தான். அது கேட்ட எண்களையெல்லாம் அழுத்தி, அது சொன்ன எண்களையெல்லாம் எழுதி, ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஐந்து மெஷினும் தெளிந்துவிட்டன. ஒரு பேர் விடுபடவில்லை, ஒரு மாத்திரை விடுபடவில்லை. இருந்தது இருந்தபடி இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்தவளில்லை. எனக்கும் அன்றைக்கு உதறத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஏஜென்சி மாறியது. பழைய ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்து, குறைந்த விலை சொன்ன இன்னொன்று வந்தது. இதற்கு முன்பும் மாறியிருக்கிறது. அப்போதெல்லாம் அட்டையில் அச்சடித்த கம்பெனிப் பேர் மாறும், மற்றபடி வேலையும் வருஷக் கணக்கும் தொடரும். இந்த முறை கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து, ஆரஞ்சுக் கயிற்றுக்காரர்களையெல்லாம் கேன்டீனில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். மரியாதையான பெண், குறை சொல்ல முடியாது.

"அனுபவம் எவ்வளவு மேடம்?"

"பத்தாவது வருஷம் நடக்குது."

"எங்க கம்பெனியில மேடம்."

"நீங்க நேத்துதானே வந்தீங்க?"

"அப்ப ஜீரோ" என்று தட்டினாள். "கவலப்படாதீங்க மேடம், யாரையும் அனுப்பல. எல்லாரையும் புதுசா சேத்துக்கறோம். ரெண்டு நாள் ட்ரெய்னிங் இருக்கு."

என்ட்ரி நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அது ஏஜென்சி சமாச்சாரம்மா" என்றார் அவர். "சர்வீஸ் இன்னையிலேர்ந்துதான் ஆரம்பிக்கும். பழசெல்லாம் கணக்குல வராது."

"மெஷினுக்கு மட்டும் பழசு ஒண்ணும் போகக்கூடாதுன்னீங்களே சார்?"

மேனேஜர் சிரித்தார். அவள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார் போல.

நான் சும்மா இருக்கவில்லை. நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று, சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். நீலக் கயிற்றுக்காரி கத்தினால் கொஞ்சமாவது மதிப்பிருக்கும் என்று நம்பியிருந்தேன். "நீங்க உங்க கவுண்டரப் பாருங்கம்மா, ஆள் நிக்குது" என்றார். ஆள் நின்றுகொண்டுதான் இருந்தது. இருமல் மருந்துக்கு.

வீட்டில் யார் சொல்வது? அவளே சொன்னாள். என் தம்பி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இன்னும் பத்து வருஷத்துக்கு என் செருப்பு தேயாது. மிச்சம்தான்" என்றான். சிரிக்க வைக்கிறானாம். அவள் எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அவன் மேலும் கோபம், அவள் மேலும் கோபம், உலகத்தின் மேலேயே கோபம்.

வேறு எங்கே போவது? கையெழுத்துப் போட்டாள். பயிற்சியில் மவுஸை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டாள்.

பயிற்சி முடிந்த மறுவாரம் லேப் மெஷின் மண்டையைப் போட்டது. அதே கறுப்பு, அதே வரி, ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. நோயாளிகளின் ரத்தம், சிறுநீர், சர்க்கரை எல்லாவற்றின் கணக்கும் அதில்தான் இருந்தது. மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ட்ரி, வா வா. கீ வாங்கியாச்சு. அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடு."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "எனக்குத் தெரியாது சார். நான் புதுசு. போன வாரம்தான் சேந்திருக்கேன்."

கவுண்டரில் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எண்ணிக்கை விட்டுப்போனது. போனால் போகிறது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். மேனேஜர் கொஞ்சம் கெஞ்சினார், கொஞ்சம் மிரட்டினார். அவள் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சர்வீஸ்காரருக்குப் போன் போனது. அவர் வந்து, நகல் எடுக்கக்கூடக் காத்திராமல், தன் ஃபார்மட் மருந்தைக் கொடுத்தார். சாயங்காலம் லேப் மெஷின் ஜம்மென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நன்றாக வேண்டும் என்று அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் அடி மேனேஜர் மேல் விழவில்லை. அவர் மேலிடத்துக்கு, பழைய மெஷின், ஆயுள் முடிந்துவிட்டது என்று எழுதிப் போட்டார், புதிதாக ஒன்று வந்தது. அடி விழுந்தது வரிசையில் நின்றவர்கள் மேல். முதல் ஆளாக மாட்டியவர் ஒரு தையல்காரர். சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் உப்பு அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார். பழையது இல்லை. எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பதிவு அறை வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. "எத்தன வருஷமா இங்கயே வந்துட்டிருக்கேன். என்னத் தெரியாதாம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்ணா" என்றாள் என்ட்ரி.

லேப் முடிவுகளின் காகித நகல்கள் ஸ்டோர் ரூமில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அந்த வார லீவு நாளில் அவள் முதல் மூட்டையை அவிழ்த்துப் புது மெஷினில் ஏற்ற ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. சம்பளமும் இல்லை. அன்றைக்கு எனக்கு டியூட்டி. லேபுக்குப் போய்ப் பார்த்தால், தூசியில் தும்மிக்கொண்டே தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கென்னடி தலையெழுத்து? அந்தாளு வந்து உக்காந்து அடிக்கட்டும்" என்றேன்.

"அவர் அடிக்க மாட்டார் அண்ணி."

"அதுக்கு?"

"அவருக்கு என்ன போச்சு? தையல்காரருக்குத்தானே போச்சு." நிமிராமலே சொன்னாள். "பண்ணித் தந்திருக்கலாம் அண்ணி. வீம்புக்கு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அது வெளியே வரும்போது திட்டாகத்தான் வரும், என் பிறவி அப்படி. இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைத் தேதிவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன்.

அப்போது வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. மேனேஜர் அந்த டேப்லெட் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். லேப் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். மூட்டைகளையும், தூசியையும், தட்டுகிற கையையும் மேனேஜர் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? லீவு நாள்ல வந்து வேல பாக்கறாங்க. பழைய ஏஜென்சி ஆளுங்க இப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க. நீங்க அனுப்பற புது ஆளுங்கதான் நல்ல சுறுசுறுப்பு."

அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டி, டேப்லெட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

என்ட்ரி அடுத்த தாளுக்குக் கையை நீட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.