நாற்பதுக்கு முப்பத்தாறு

பொருளாதாரத் தடைக்காலத்தில் கரவெட்டியில் நோவுக்குக் குளிசை வேண்டுமென்றால் மருந்தகத்தின் பட்டியலில் பேர் இருக்கவேண்டும். அம்மாவின் பேர் இருந்தது. மூட்டெல்லாம் வீங்கி, பாயை விட்டு எழும்பவே அரை மணித்தியாலம் எடுக்கும் அவருக்கு. குளிசை போட்டால்தான் நித்திரை. அந்தப் பேரை வெட்டியவனை 'அவர்' என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வராது.

குளிசை குறைந்துவிட்டதால், யாருடைய வாழ்க்கை எவ்வளவு மோசம் என்று அளந்துதான் இனிக் கொடுப்பார்களாம். அளக்க ஒரு படிவம், அதை நிரப்ப ஓர் உத்தியோகத்தன். சனிக்கிழமை வருவான் என்று சொல்லியனுப்பினார்கள். அந்நிய ஆம்பிளை வீட்டுக்கு வருகிறான் என்றால் அம்மா அலங்கோலமாக இருப்பாரா? விடியவே என்னைக் கொண்டு முழுகி, சேலை உடுத்தி, தலை இழுத்து முடிந்து, கதிரையில் நிமிர்ந்து இருந்துவிட்டார். தேத்தண்ணி ஊற்றியது நான். பனங்கட்டியோடு நீட்டியது அவர்.

“நீங்களாய் உடுப்பு மாத்துவியளோ அம்மா?”

“ஓம் ஐயா.”

“கிணத்தடிக்குப் போவியளோ?”

“போவன்.”

“நித்திரை?”

“ஒரு குறையும் இல்லை.”

நான் வாயைத் திறந்தேன். “நோயாளிதான் சொல்லவேணும், பிள்ளை” என்று என்னை அடக்கிவிட்டுப் புள்ளிகளைக் கூட்டினான். நாற்பதுக்கு முப்பத்தாறு. நல்ல வாழ்வாம். குளிசை நின்றது.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகும்போதெல்லாம், இந்த நோவு அவனுடைய முழங்காலுக்குப் போகவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளையார் அசையவில்லை. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் விடியற்காலை அவன் வீட்டுக்குச் சைக்கிளை எடுத்தேன். அந்த நேரத்தில் நான் இல்லாவிட்டால் அம்மா கக்கூசுக்கு எப்படிப் போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். “அம்மாவுக்குக் கடுமை, கெதியாய் வாங்கோ” என்று பொய் சொல்லி அவனைப் பின்வளவுப் படலையைத் திறந்து உள்ளே கூட்டிவந்தேன்.

அம்மா மண்ணில் கைகளை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தார். சேலை இடுப்பில் நிற்கவில்லை.

“நல்லாய்ப் பாருங்கோ! உதிலை முப்பத்தாறு எங்கை கிடக்கெண்டு தேடிப் பாருங்கோ!”

அவன் முகம் கறுத்துத் தலை குனிந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தோடு கிடந்தார்.

அடுத்த நாளே அவன் குளிசையோடு வந்தான். அம்மா மறுக்காமல் அவன் கையிலிருந்து வாங்கினார். விழுங்குவதற்கு நான் தண்ணீர் நீட்டினேன். அதைத் தொடாமல், வேலிக்கு அப்பால் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரியைத் தண்ணிக்குக் கூப்பிட்டார்.