என் மனைவியின் நெற்றி

மண்டபம் நிறையச் சனம் இருக்கும்போது என் மனைவியின் முகத்தை மைக்கில் கேலி செய்தேன். அப்போது அவள் அறுபதை எட்டியிருந்தாள். அந்த வருடம்தான் தாலுகா அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அன்று அவள் அழகாக இருந்தாள். மண்டப வாசலில் இறங்கியதிலிருந்து இரண்டு மூன்று பேர் அதை அவளிடம் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்து மண்டபத்தில், என் சித்தப்பா மகனுடைய பெண்ணின் வரவேற்பு. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மணமக்களை வாழ்த்திப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒவ்வொரு மேடையிலும் யாராவது ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது. மாமனாரையோ மாப்பிள்ளையின் நண்பர்களையோ பிடித்துக்கொள்வேன். அன்று என் மனைவியைப் பிடித்தேன்.

"மேடையில ஒரு பொண்ணுதான் இருக்குன்னு நெனச்சங்க. எங்க வூட்டு அம்மாளப் பாத்தா ரெண்டு பொண்ணு மாதிரி தெரியுது" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா ஒண்ணுங்க. பழைய வூட்டுக்குப் புதுசா பெயிண்டு அடிச்சா, வெரிசல் மறஞ்சிடுமா?" என்றேன்.

மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்த என் பங்காளி ஒருவன், "சார், அது டிஸ்டெம்பருங்களா, எமல்சனுங்களா?" என்று கத்தினான். அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போனாள். நான் வாழ்த்துரையைத் தொடர்ந்தேன்.

அவள் திரும்பி வந்தபோது முகம் முழுக்கக் கழுவியிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நுனியளவு வட்டமாக, வெள்ளையாக ஒரு தழும்பு. நான் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளோடு ஒரே வீட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவன்.

நான் மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கம் வந்தபோது, பின்வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

"என்னாடி அது, நெத்தியில? வெண்குட்டமா?"

"அதான் பூசி மறச்சிருக்கா. புருசன ஒக்கார வெச்சிக்கிட்டு பொட்டில்லாம வேற வந்து நிக்கறா பாரு."

அந்த வெள்ளை என்னவென்று வண்டியில் வரும்போது நான் அவளைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு முக அலங்காரம் செய்துவிட்டது யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளுடைய அண்ணன் மகள் பாப்பாரப்பட்டியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வயதானவளுக்கு இப்படிப் பூசிவிட்டு என் தலையைக் குனிய வைத்தாள் என்று அடுத்த நாள் அவளிடமே சண்டைக்குப் போனேன்.

பார்லரில் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நூலை வாயில் கடித்தபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு நூலை எடுத்துவிட்டு, "மாமா, நான் அத்த மூஞ்சியத் தொடக்கூட இல்லீங்க. அது எல்லாம் அத்தையே பண்ணிக்கிட்டது. கொஞ்சூண்டு க்ரீமு. உங்க கண்ணுக்கு அது பெயிண்டாத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"அந்த வெள்ளை?"

"நெசமாவே தெரியாதுங்களா உங்களுக்கு?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. "ஸ்டிக்கர் பொட்டுங்க மாமா. தெனமும் ஒரே எடத்துல ஒட்டி ஒட்டி, அந்தப் பசை ஆகாம வெளுத்துப் போச்சி. டாக்டரு நோயில்லன்னு சொல்லிட்டாரு. ஒட்டாதீங்க, குங்குமம் வெச்சிக்கங்கன்னாரு."

புருவம் திருத்திக்கொள்ள வந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்காத மாதிரி படுத்திருந்தாள். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத்தான், பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குப் போன காலத்தில் அவள் அலங்காரம் ஐந்து நிமிட வேலை. மஞ்சள் தேய்த்துக் குளிப்பாள், பவுடர் போடுவாள், கண்ணுக்கு மை, நெற்றிக்கு ஸ்டிக்கர், தலைக்குப் பூ. நான் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் வாசலில் நிற்பாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மஞ்சள் எரிகிறது என்று ஒருநாள் சொன்னாள், "பழகிடும்" என்றேன். மத்தியானத்துக்கு மேல் பவுடர் கன்னத்துக் கோடுகளில் போய்த் தங்கி, தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி தெரிகிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு பவுடரை மூக்குக்கும் கழுத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டாள். சோப்பை விட்டுக் கடலை மாவுக்குப் போனாள், அதுவும் தோலை இழுக்கிறது என்று அதையும் விட்டாள். முகம் ஈரமாக இருக்கும்போதே க்ரீம் தடவினால்தான் நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். கீழ் இமையில் மை வைத்தால் சுருக்கத்தில் இறங்கி அழுத மாதிரி ஆகிறது என்று மேல் இமையோடு நிறுத்திக்கொண்டாள். புருவம் உதிர்ந்த இடத்தைப் பென்சிலால் ஒவ்வொரு முடியாக வரைவாள். குளியலறைக் கதவை மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று நான் வாசலிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருப்பேன்.

பொட்டு விஷயம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. அதை முழுதாக அண்ணன் மகளிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த இடம் முதலில் அரித்திருக்கிறது, பிறகு வெளுத்திருக்கிறது. வெளுத்ததை மறைக்க அவள் இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். அது ஒட்டிய அளவுக்கு வெள்ளையும் பெரிதாகியிருக்கிறது. அதை மறைக்க அதைவிடப் பெரியது. அந்த நாட்களில் ஒருமுறை அவளைப் பார்த்து, "பெரிய பொட்டு உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாகச் சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு சங்கடம். குங்குமம் சின்னதாக வைத்தால் சுற்றிலும் வெள்ளை வட்டம் தெரியும். பெரிதாக வைத்தால் வியர்வையில் வழியும். அதனால் தன் தோலின் நிறத்துக்குச் சரியாக ஒரு க்ரீமைத் தேடிப் பிடித்து, மோதிர விரலால் அந்த இடத்தில் ஒற்றி, அது காய்ந்த பிறகு மேலே குங்குமம் வைத்திருக்கிறாள். நெற்றி தனியாகத் தெரியாமலிருக்க முகத்துக்கும் லேசாக அதையே தடவியிருக்கிறாள். முதல்முதலாக அதைச் சரியாகச் செய்து வெளியே வந்த நாள், அந்த வரவேற்பு நாள்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். "அதான் முடிஞ்சி போச்சேங்க. காப்பி குடிக்கறீங்களா?" என்றாள். ஆனால் அது முடிந்துபோகவில்லை. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவள் வரவில்லை. கேட்பவர்களுக்கு மூட்டு வலி என்று நான் பதில் சொல்வேன். டவுனில் ஒரு பெரிய கடையில் நல்ல க்ரீமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "இது செவப்பாவறதுக்குப் போடறதுங்க" என்று சொல்லி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. அவள் தினமும் அதைச் சுற்றித் துடைத்தாள்.

பிறகு எங்கள் மகனுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா மேடையில் நிற்காமல் முடியாது. இதற்கு அவள் எப்படி வரப்போகிறாள் என்பதே எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அவள் தயாராக ஆரம்பித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தான் தேடிப் பிடித்த பழைய க்ரீமை நெற்றியில் ஒற்றிப் பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி ஒற்றுவாள். நான் அந்தப் பக்கம் போனால் கண்ணாடியைக் கவிழ்த்துவிடுவாள். ஒருமுறை கவிழ்க்கவில்லை. "தெரியுதுங்களா?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அன்றே நான் ஒரு முடிவு செய்துகொண்டேன். சபையில் செய்த தப்பைச் சபையில்தான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அதையும் மீறிச் செய்தால்தான் அதற்கு மதிப்பு என்று நினைத்தேன். படித்தவனின் யோசனை அது.

மகனின் வரவேற்பில் வழக்கம்போல மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அவள் மேடையில் சம்பந்தி அம்மாளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணுங்க" என்று ஆரம்பித்தேன். "முன்ன ஒரு கல்யாணத்துல எங்க வூட்டு அம்மாளோட மூஞ்சிய நான் கேலி பேசிட்டேன். அவங்க நெத்தியில இருக்கறது நோய் இல்லீங்க. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி வந்த வெள்ளை. அதத்தான் க்ரீமு போட்டு மறச்சிக்கறாங்க. இன்னைக்கும் அப்பிடித்தான் வந்திருக்காங்க. தப்பு என்னுதுங்க." கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை ஒன்று வைத்திருந்தார்கள். வீடியோ எடுப்பவர் என்னை விட்டு அவள் பக்கம் கேமராவைத் திருப்பினார். அவள் முகம் திரை முழுக்க வந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். சம்பந்தி அம்மாள் அவள் பக்கம் திரும்பி, கிட்டத்தில் குனிந்து பார்த்தார்கள். பெண் வீட்டாரில் ஒருவருக்கும் அதுவரை எதுவும் தெரியாது.

இந்த முறை அவள் கழுவப் போகவில்லை. கடைசி ஆள் பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். மாப்பிள்ளை வீட்டு அறையில் புடவை மாற்றப் போனபோது நானும் பின்னால் போனேன். அண்ணன் மகள் அவள் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரு பேசிக்கிட்டிருந்தத ஊருக்கே சொல்லிட்டீங்க" என்றாள் என் மனைவி. சத்தம் போடவில்லை. "அன்னைக்குச் சிரிச்சாங்க. இன்னைக்கு அய்யோ பாவம்னு பாக்கறாங்க. எனக்கு அந்தச் சிரிப்பே பரவாயில்ல போலிருக்கு."

"மன்னிப்புக் கேக்கணும்னுதான்..."

"கேட்டாச்சில்லீங்க. உங்களுக்கு மனசு லேசாயிடுச்சி. போயி சாப்புடுங்க, பந்தி முடியப்போவுது."

அண்ணன் மகள் என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். நான் போகிற விசேஷத்துக்கு அவள் வரமாட்டாள். அவள் போகிற விசேஷத்துக்கு நான் வரக்கூடாது. எது எது யாருக்கு என்பதைப் பத்திரிகை வரும்போது அவள் முடிவு செய்வாள். நான் ஒத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? என் பங்குக்கு மேடையில் பேசுவதை விட்டேன். "என்னாங்க சார், தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். இன்னொருவர் நன்றாகவே பேசுகிறார், சனம் அவருக்கும் சிரிக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளை அவள்தான் பிரிக்கிறாள். நெருங்கிய சொந்தமெல்லாம் அவள் பக்கம் போய்விட்டது. எனக்கு வருவது பெரும்பாலும் பழைய மாணவர்களின் வீட்டு விசேஷம். அவள் போகும் நாட்களில் காலையிலேயே கூடத்து ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். குளியலறைக்குள் ஒளிவதில்லை. முகம் கழுவி, ஈரத்தோடு க்ரீம் தடவி, அது உள்ளே இறங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். பிறகு அண்ணன் மகளின் ஸ்கூட்டர் வருகிறது. நான் கேட்டைத் திறந்துவிடுகிறேன். "சாதம் ஹாட்பாக்ஸ்ல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன மாதம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அண்ணன் மகள் தன் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தாள். நடுவில் என் மனைவி, சுற்றிலும் பெண்கள். யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகின்றன. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். நெற்றி வந்ததும், அந்த வெள்ளை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் வந்தவளிடம், விசேஷம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.